கஸ்பாரின் பன்னிரண்டாவது கேசட்

சத்தியமாகச் சொல்கிறேன், பனிமய மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், பனி என்றால் மீன் பெட்டியில் ஐஸ் உடைக்கும்போது எழும்புகிற புகை என்று மட்டுமே அறிந்த தூத்துக்குடியில் நின்றுகொண்டு அந்த மாதாவையே சாட்சிக்கு இழுத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் ஒரு படி கல்லுப்பைக் கொட்டித் தைத்துவிடுங்கள். போன தடவை சுறாமீன் வயிற்றில் தபால்பெட்டி கிடந்த கதையைச் சொன்னபோதும் இப்படித்தானே சத்தியம் செய்தாய் என்று சிலர் கேட்பீர்கள். அது வேறு. அதில் தபால்பெட்டி மட்டும்தான் பொய். இதில் அதுகூட இல்லை.

மூணு கிணத்துத் தெருவில் மூன்று கிணறுகள் இருந்தன, மூன்றிலும் தண்ணீர் இருந்தது, மூன்று தண்ணீரும் உப்பு. மாநகராட்சிக் குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை காற்று வரும், காற்றுக்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர் வரும், அந்தக் காற்றின் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எத்தனை குடம் என்று சொல்லிவிடுகிற பெண்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். அந்தத் தெருவின் கோடி வீட்டில்தான் பல்தசார் இருந்தார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர். தரையிலிருந்து எண்பது அடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து, ஓய்வுபெற்ற பிறகும் தன் பேச்சைக் கீழே இறக்கத் தெரியாமல் போன மனிதர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், பெண் வீட்டார் கிரேனில் ஏறி வரவில்லை என்பார்.

அவர் வீட்டுக்குத் தினமும் வந்துபோகிற ஒரே ஆள் தங்கச்சி மகள் அமலி. இருபத்தேழு வயது, ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை, காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருப்பாள். அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது போனில் தற்செயலாக ஒரு பாட்டைத் தொட்டு, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று வழுக்கி, கடைசியில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய போஸ்ட்-பங்க் குழுக்களிடம், இருட்டும் முறுக்குமாக கிட்டார் வாசித்த மேல்நாட்டுப் பிள்ளைகளிடம், போய் விழுந்தவள். ஊரில் அதைப் பற்றிப் பேச அவளுக்கு ஆள் இல்லை. அதனால் பதில் பேசாத மாமாவிடம் பேசுவாள், சுவரில் பந்தடிப்பது போல.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் காய்கறி நறுக்கிக்கொண்டே வாயால் ஒரு பேஸ் கிட்டாரை வாசித்தாள், தும் தும் தும்தும் என்று. கட்டிலில் கிடந்த பல்தசார் கண்ணைத் திறக்காமல் சொன்னார், "நைன் ஷட்டர்ஸ் பாட்டுதான். ஆனா நீ ஓடுத. அவங்க நடப்பாங்க."

அமலி கத்தியைக் கீழே வைத்தாள். அந்தப் பெயரைக் கேட்டிருப்பவர்கள் உலகத்திலேயே ஒரு பேருந்து நிறையத்தான் இருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தப் பேருந்தில் தன் மாமா சன்னலோரம் உட்கார்ந்திருப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பாள்.

"மாமா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க அண்ணன் அனுப்புனான்."

அப்படித்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து, ஒற்றைக் கேசட் கிடந்த தகரப்பெட்டி வெளியே வந்தது.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் கப்பலுக்குப் போனவர்களும் வளைகுடாவுக்குப் போனவர்களும் கடிதம் எழுத மாட்டார்கள், கேசட்டில் பேசி அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், அழுவார்கள், மறுபடி கேட்பார்கள். பிறகு அதே கேசட்டில், வந்த குரலின் மேலேயே தங்கள் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். புதுக் கேசட் எதற்கு, இதுதான் இருக்கிறதே. அதனால் பதில் போட்ட வீட்டில் குரல் இருக்காது, குரல் இருக்கிற வீட்டில் பதில் போயிருக்காது.

கஸ்பார், பல்தசாரின் அண்ணன், கப்பலில் எண்ணெய் போடுகிற வேலைக்குப் போனவன். அவனுடைய கப்பல் இங்கிலாந்தில் ஒரு மழைத் துறைமுகத்தில் பழுதாகி மாசக்கணக்கில் கிடந்தபோது, குளிருக்கு ஒதுங்க ஒரு பாட்டுக்கடைக்குள் நுழைந்தவன், வெளியே வரும்போது வேறு ஆளாக வந்தான். மாலுமிகள் விடுதியில் ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, பாட்டுகளைப் பிடித்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தம்பியோடு பேசிப் பேசி அனுப்பினான். பதினொரு கேசட் வந்தது. பதினொன்றிலும் அம்மா பதில் பேசினாள், தங்கச்சிக்குச் சீலை, கூரைக்குத் தகரம், குடிக்காதே, குருசு போட்டுப் படு. ஓரத்தில் பல்தசாருக்கு ஒரு வரி கிடைக்கும், நான் நல்லாருக்கேன், நல்லாப் படிக்கேன். பன்னிரண்டாவது கேசட், கஸ்பார் கப்பலின் அடித்தளத்தில் விழுந்து செத்துப்போனான் என்ற தந்திக்கு நாலு நாள் பின்னால் வந்தது. கஸ்பாருக்கு இருபத்துநாலு வயது, பல்தசாருக்குப் பதினேழு. அதை ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டார். அன்றைக்கு வீட்டுக்குள் மழை பெய்தது. நவம்பர் மாசம், ஓட்டு வீடு, வெளியேயும் மழை, யாரும் கவனிக்கவில்லை.

இப்போது சித்திரை மாசம், கான்கிரீட் வீடு. அமலி எங்கேயோ தேடி டேப் ரெக்கார்டருக்குப் புது பெல்ட் வாங்கி மாட்டியிருந்தாள். சரியாக நாலு மணி. முதலில் ஒரு இருமல் வந்தது, பிறகு குரல்.

"ஏல பல்தி, கேக்குதா? கஸ்பார் பேசுதேன். கப்பல் இன்னும் மல்லாந்துதான் கெடக்கு. இங்க நாலு மணிக்கே இருட்டிருது. மழை நம்மூரு மாதிரி வந்து நாலு அறை அறைஞ்சுட்டுப் போறதில்ல, மாமியா வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி போவவே மாட்டேங்குது. இப்ப ஒரு செட்டு போடுதேன், கிரே மெட்ரன்ஸ்னு பேரு, நாலும் பொம்பளைங்க, ஆஸ்பத்திரில துணி வெளுக்கிற வேலை. பாடுறதக் கேக்காத. பேஸ் கிட்டாரக் கேளு. இந்த மாதிரிப் பாட்டுல அதுதான் முன்னால நடக்கும், மத்ததெல்லாம் கூடைய தூக்கிட்டுப் பின்னால வரும்."

பேஸ் கிட்டார் முன்னால் நடந்தது. மின்விசிறிக்கும் தரைக்கும் நடுவில், எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி, மெல்லிசாகத் தூறல் விழுந்தது. நாட்காட்டி நனைந்தது, கட்டில் நனைந்தது, நறுக்கிய வெண்டைக்காய் நனைந்தது. பல்தசார் எழுந்து அரிசி மூட்டையை நகர்த்தி வைத்தார். அமலி போனை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"மாமா, குளிருது."

"அங்க குளிர்காலம்லா," என்றார்.

தூறல் பாட்டுச் சத்தம் எட்டும் தூரம் வரை விழுந்தது, அதற்கு ஒரு விரற்கடை அப்பால் விழவில்லை. சன்னல் திறந்திருந்ததால் பக்கத்து வீட்டு வாசலில் பாதி நனைந்தது. அந்தப் பாதியில் கருவாடு காயவைத்திருந்த செபஸ்தியம்மாள், மீன்காரி, வானத்தைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், கருவாட்டை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு ஒரு குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. குடம் நிறைகிற நேரத்தில் ஏன் என்று கேட்கிறவள் மூணு கிணத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்க முடியாது.

மறுநாள் காலையில் அவள் வந்து தீர்ப்புச் சொன்னாள், "பருப்பு வெந்துட்டு அண்ணே. மூணு விசில்ல மாவாட்டம் வெந்துட்டு." அந்தத் தெருவில் ஒரு தண்ணீருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. நாலு மணிக்கு வாசலில் பதினேழு குடம் நின்றது. மூன்றாம் நாள், கோயில் திருவிழாவுக்கெல்லாம் மைக் செட் போடுகிற மோத்தா, தானாகவே இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாடியில் கட்டினான். நாலாம் நாள் மழை மூணு கிணத்துத் தெரு முழுக்கப் பெய்தது, முனையில் இருக்கும் சைக்கிள் கடையின் முன்சக்கரங்கள் நனைந்தன, பின்சக்கரங்கள் நனையவில்லை.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், குழாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டது போலத்தான், வரிசை போட்டு, சண்டை போட்டு, எடுத்துக்கொண்டது. உப்பளத்துக்காரர்கள் வந்து ஸ்பீக்கரைக் கிழக்கே கடலைப் பார்த்துத் திருப்பச் சொன்னார்கள், பாத்தியில் ஒரு பாட்டு விழுந்தால் ஒரு மாச உப்பு போய்விடும் என்றார்கள், அது நியாயம்தான் என்று மோத்தா திருப்பினான். மாநகராட்சியிலிருந்து ஒருவர் குடையோடு வந்து நின்று, முழுப் பாட்டும் கேட்டு, பட்டியலில் இல்லாத விநியோகம் என்று எழுதிக்கொண்டு, தலையைத் துவட்டாமலே போனார். மாதா கோயில் பங்குச் சாமியார், பூசை நேரத்தில் மட்டும் வேண்டாம் என்றார். பனிமய மாதா ஊரில் வானத்திலிருந்து எது வந்தாலும் அவருக்குக் கேள்வி இல்லை.

குடம் வைத்தவர்கள் காதையும் வைத்தார்கள், வேறு வழியில்லை, வரிசையில் நிற்கும்போது பாட்டும் சேர்ந்துதானே விழுகிறது. பத்தே நாளில் அந்தத் தெருப் பெண்களைப் போல போஸ்ட்-பங்க் தெரிந்தவர்கள் எந்தத் தேசத்திலும் இல்லை. மெட்ரன் என்றால் பெரிய நர்சம்மா என்று அமலி சொன்னதால் கிரே மெட்ரன்ஸ் நர்சம்மா செட்டு ஆனது, அந்தத் தண்ணீர் பருப்புக்கு. நைன் ஷட்டர்ஸ் ஷட்டர்காரனுங்க ஆனார்கள், அவர்கள் தண்ணீரில் சோப்பு நுரை அள்ளும். வின்டர் கேன்டீன் என்று ஒரு குழு, கரிப்புகை வாசம் அடிக்கும், குடிக்க ஆகாது, ஆனால் தலை முழுகினால் பேன் ஓடிவிடும்.

"ஷட்டர்காரனுங்க நல்லாத்தான் வாசிக்கானுவ," என்பாள் செபஸ்தியம்மாள், குடத்தைச் சரித்துப் பார்த்துக்கொண்டே. "ஆனா மூணாவது பாட்டுல அந்தச் சின்ன கிட்டார்காரனுக்கு எதுக்கு அவ்வளவு அவசரம்? பஸ்ஸு போவுதா?"

"அதுதான் அக்கா அழகு," என்பாள் அமலி. "கண்ணாடித் துண்டு எறியிற மாதிரி வாசிக்கணும்."

"எறியட்டும். தாளக்காரன் மெஷினா மனுஷனா?"

"மெஷின்."

"அதான பாத்தேன். சோறு திங்காத கை. தண்ணி சப்புன்னு இருக்கு."

அமலி புதுக் குழுக்களையும் கொண்டுவந்தாள். லீட்ஸிலிருந்து, பெர்லினிலிருந்து, பெயரில் உயிரெழுத்தே இல்லாத ஏதோ ஒரு குளிர்தேசத்திலிருந்து, போன வருஷம்தான் முதல் பாட்டு வெளியிட்ட பிள்ளைகளிடமிருந்து. போனை மோத்தாவின் பெட்டியில் சொருகிப் போடுவார்கள். மழை வராது. மேகம் மட்டும் போடும், தெருவே சாம்பல் நிறமாகும், புழுங்கும், எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள், பாட்டு முடிந்ததும் வெயில் வந்துவிடும்.

"பழசு பழசுதான்," என்றான் மோத்தா. "இவங்க அதே பேஸு, அதே மூஞ்சி, அப்பன் கோட்டை எடுத்துப் போட்டுட்டு வந்த மாதிரில்லா இருக்கு."

"அப்பன் கோட்டுதான் அண்ணாச்சி. ஆனா அதுக்குள்ள நடுங்குறது அவங்க உடம்பு," என்றாள் அமலி, கோபமாகவே. அன்றைக்கு அவள் போட்ட, உயிரெழுத்து இல்லாத அந்தக் குளிர்தேசத்துக் குழுவின் கடைசிப் பாட்டில், ஒரே ஒரு ஆலங்கட்டி விழுந்தது, புளியங்கொட்டை அளவு, செபஸ்தியம்மாளின் குடத்தில் டங்கென்று. அவள் அதை டம்ளரில் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள், மாதாவின் காலடியில் வைப்பதற்குள் பாதி கரைந்துவிட்டது, மீதியை வைத்தாள். அதற்குப் பிறகு மோத்தா புதுசைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

இதெல்லாவற்றையும் பல்தசார் கேட்டுக்கொண்டிருந்தார். பேசவும் ஆரம்பித்தார். நைன் ஷட்டர்ஸ் இரண்டாவது ஆல்பத்தில் சோடை போனார்களா இல்லையா என்று செபஸ்தியம்மாளுடன் அரைமணி நேரம் வழக்காடினார். எண்பது அடி உயரத்திலிருந்து அந்த மனிதர் ஒவ்வொரு படியாக இறங்கி வருவதை அமலி பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் நாலு மணிக்கு, பொத்தானை அழுத்தியதும், இருமல் வரவில்லை.

ஏல பல்தி என்றுதான் தொடங்கியது. பல்தசார் கேசட்டை எடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றி, மறுபடி போட்டார். இருமல் இல்லை. பன்னிரண்டாம் நாள் கப்பல் மல்லாந்து கிடக்கிற வாக்கியம் இல்லை, அந்த இடத்தில் வெறும் இரைச்சல், அரிசி புடைப்பது போல. பாட்டுகள் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. ஒரு ஸ்வரம் தேயவில்லை. தேய்ந்தது கஸ்பார்தான். ஒவ்வொரு நாள் மழைக்கும் அவன் பேச்சில் ஒரு வாய் குறைந்தது. அமலி இரண்டாம் நாளே போனில் பதிந்து வைத்திருந்தாள், ஓடிப்போய் அதைப் போட்டாள், அதில் பாட்டு இருந்தது, தூறலின் சத்தம் இருந்தது, கஸ்பார் இல்லை. முதலிலிருந்தே அதில் ஏறவில்லை. எட்டு நிமிஷம் இருந்த அண்ணன் இப்போது ஆறு நிமிஷம் சொச்சம் இருந்தான்.

பல்தசார் வெளியே வந்து, பெல்ட் அறுந்துவிட்டது என்று சொன்னார். வரிசை காலிக் குடங்களோடு கலைந்தது.

மூன்று நாள் கழித்து மத்தியானத்தில் செபஸ்தியம்மாள் இடுப்பில் ஒரு அரைக்குடத்தோடு வந்தாள்.

"பெல்ட் அறுந்துட்டாம்ல அண்ணே."

"ஆமா."

"பெல்ட் அறுந்தா கஷ்டம்தான்." குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். "இருமல் போயி ஆறு நாளாச்சு. வரிசையில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் வாயத் தொறக்கல."

"தெரிஞ்சும் பிடிச்சீங்களா?"

"தெரிஞ்சும் பிடிச்சோம். வீட்ல பிள்ளைங்க இருக்கு." முந்தானையால் குடத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயி இருபது வருசம். மூஞ்சி ரேசன் கார்டுல இருக்கு. என்னையக் கூப்பிட்டது ஞாவகம் இருக்கு, கூப்பிட்ட சத்தம் ஞாவகம் இல்ல. எவ்வளவோ முட்டிப் பாக்கேன், வரமாட்டேங்குது. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பெல்ட் அறுந்தே கெடக்கட்டும். நாங்க லாரிக்காரனப் பாத்துக்கிடுவோம். இது கடைசியாப் பிடிச்ச நர்சம்மா தண்ணி, உங்க வீட்ல இருக்கட்டும்."

அவள் போன பிறகு பல்தசார் கதவைச் சாத்தினார். சத்தத்தை மிகமிகக் குறைத்து, காதை ஸ்பீக்கரில் ஒட்டி, தனக்கு மட்டும் போட்டுக் கேட்டார். சோற்றுத் தட்டு அளவுக்கு மழை விழுந்தது, அவர் தோளிலும் கன்னத்திலும் மட்டும். அப்போதும் ஒரு வாக்கியம் போயிற்று. போஸ்ட்-பங்க் என்றால் என்ன என்று கஸ்பார் சொன்ன வாக்கியம், "வீட்ல பெரிய சண்டை முடிஞ்சு, தட்டெல்லாம் ஒடைஞ்சு கெடக்கையில, யாரு முதல்ல பேசறதுன்னு தெரியாம எல்லாரும் நிப்பாங்கள்ல, அந்த நேரத்துல வாசிக்கிறதுதாம்ல இது." அது போய்விட்டது. ஆக, ஊருக்குப் போட்டாலும் தேயும், தனக்குப் போட்டாலும் தேயும். கேட்காமல் வைத்திருந்தால் இருக்கும், நாற்பத்தொரு வருஷம் தகரப்பெட்டியில் இருந்தது போல இருக்கும். அப்படி இருந்ததில் அது யாருக்கு அண்ணனாக இருந்தது, தகரத்துக்கா.

மறுநாள் நாலு மணிக்கு முன்னால் அவரே மோத்தா வீட்டுக்கு நடந்து போய், "சத்தத்த முழுசா வையி," என்றார். "கெழக்க பாத்து மட்டும் திருப்பிக்கோ."

அதற்குப் பிறகு நடந்ததை மழை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் குடத்தை வைத்துவிட்டுத் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள், பூசையில் போல. யாரும் இடத்துக்குச் சண்டை போடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு வாய் போனது. ஆஸ்பத்திரியில் துணி வெளுத்த நாலு பெண்கள் போனார்கள். ரொட்டிக்கடை நாயைப் பற்றிச் சொன்னது போனது. குளிருக்குக் காலில் பேப்பர் சுற்றிக்கொண்டது போனது. அவன் சிரித்த சிரிப்பு இரண்டு பங்காகப் போனது, முதல் நாள் முன்பாதி, மறுநாள் பின்பாதி. கேசட்டின் கடைசியில் அவன் கேட்டிருந்தது மட்டும் நிறைய நாள் தாங்கியது.

"இந்தத் தடவ அம்மா பேச வேண்டாம், நீ பேசுல. இதுல எந்தச் செட்டு பெருசுன்னு சொல்லு. சும்மா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பாத. நர்சுப் பொம்பளைங்கதான் பெருசுன்னு நான் சொல்லுதேன். தப்புன்னு சண்ட போடு. எங்கூடச் சண்ட போட இங்க ஒருத்தன் இல்ல. ஏல பல்தி."

அதுவும் முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் போயிற்று. ஆனி மாசம் முதல் வாரத்தில் அந்தக் கேசட்டில் ஏல பல்தி மட்டும் இருந்தது. அன்றைக்கு ஒரு டம்ளர் அளவுக்கு மழை பெய்தது, தெரு முழுக்கச் சேர்த்து ஒரு டம்ளர். மறுநாள் அதுவும் இல்லை. நர்சம்மா செட்டு வாசித்தது, ஷட்டர்காரனுங்க வாசித்தார்கள், நாலு மணி வெயில் அப்படியே நின்றது, குடங்கள் காய்ந்து நின்றன.

யாரும் போகவில்லை. முதல் பாட்டு முடிந்து, அரிசி புடைக்கிற அந்த இரைச்சல் வந்ததும், வரிசையின் நடுவிலிருந்து செபஸ்தியம்மாள் ஒரு தரம் இருமினாள், கஸ்பார் இருமுகிற மாதிரியே, கொஞ்சம் இழுத்து. பிறகு சொன்னாள், "ஏல பல்தி, கேக்குதா? கஸ்பார் பேசுதேன்." பக்கத்தில் நின்றவள் சேர்ந்துகொண்டாள், கப்பல் இன்னும் மல்லாந்துதான் கெடக்கு. முழு வரிசையும் சேர்ந்துகொண்டது, நாற்பது நாள் நாலு மணிக்குக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அது மனப்பாடம், அவன் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார்கள், சிரித்த இடத்தில் சிரித்தார்கள், ஒவ்வொரு இரைச்சலிலும் அந்தந்த இடத்துப் பேச்சை, ஒரு சொல் பிசகாமல், மாதாவின் பிரார்த்தனையைச் சொல்வது போல ஒரே குரலில் சொன்னார்கள். மழை வரவில்லை. வரும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. கடைசி இரைச்சலில் எந்தச் செட்டு பெருசுன்னு சொல்லு என்று கேட்டுவிட்டு, எல்லோரும் மாடியில் நின்ற பல்தசாரைப் பார்த்தார்கள்.

பல்தசார் கேசட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அமலியையும் வரவேண்டாம் என்றார். பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தும் சத்தம் மட்டும் வெளியே கேட்டது. பாட்டுகளை விட்டுவிட்டு, அண்ணன் இருந்த இடங்களில் எல்லாம், அந்த எட்டு நிமிஷத்தில், அவர் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், சன்னல் என்று ஒன்று எதற்கு இருக்கிறது.

"அண்ணே, பல்தசார் பேசுதேன். பதில் போடக் கொஞ்சம் லேட்டாயிட்டு. நர்சம்மா செட்டு பெருசுன்னு நீ சொன்னது தப்பு. ஷட்டர்காரனுங்கதான் பெருசு. ஏன்னா அவனுங்களுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும். நீ போன பொறவு அவங்கள்ல ரெண்டு பேரு செத்துப்போயிட்டாங்க, ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியாராயிட்டாராம், அமலி சொன்னா. அமலி யாருன்னா நம்ம தங்கச்சி மக. அவ புதுசா நெறையப் போடுதா. முதல்ல எனக்குப் பிடிக்கல. இப்ப ஒண்ணு ரெண்டு பிடிக்குது. பழச அப்பிடியே வாசிக்காங்கன்னு நெனச்சேன், இல்ல, நாம கேட்டுட்டு விட்ட எடத்துலேர்ந்து கேக்காங்க. நீ இருந்தா இதுக்கும் சண்ட போட்டுருப்ப. எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு. ஒனக்கு இன்னும் இருபத்துநாலுதான். இப்ப நாந்தான் அண்ணன், அதனால சொல்லுதேன், கேளு. அந்தக் கப்பல்ல கீழ எறங்காத. வழுக்கும்."

பிறகு வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அதுவும் பதிந்தது.

முகவரி பழைய முகவரிதான், அந்தத் துறைமுகத்தில் கஸ்பாரின் கப்பலுக்கு ஏஜெண்டாக இருந்தவர்களின் அலுவலகம். அமலி போனில் பார்த்துவிட்டு, இப்போது அந்தக் கட்டடத்தில் ஒரு காப்பிக்கடை இருக்கிறது என்றாள். இருக்கட்டும் என்றார். தபால் ஆபீசில் பெண் ஊழியர் படிவத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டாள்.

"பதில்."

"அப்பிடிப் போட முடியாது சார். பொருள் என்னன்னு போடணும்."

"அப்ப வெயில்னு போடும்மா," என்றார். அவள் பழைய கேசட் ஒன்று என்று எழுதிக்கொண்டாள்.

தை மாசத்தில் ஒருநாள் அமலி போனை நீட்டினாள். அந்த ஊர்க்காரர் யாரோ எடுத்துப் போட்ட படம். மழையும் இருட்டுமாகக் கிடக்கிற குளிர்காலத் தெருவில், ஒரு காப்பிக்கடை வாசலில் மட்டும், கண் கூசுகிற வெள்ளை வெயில். விட்டு விட்டு அடித்ததாம், கூட்டிப் பார்த்தால் எட்டு நிமிஷம். ஆட்கள் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கடையின் கண்ணாடியில் உப்புப் பூத்திருந்தது, யாரோ அதில் விரலால் கோடு இழுத்திருந்தார்கள். யாரிடம் பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது, யார் போட்டுப் பார்த்தார்கள் என்று அதில் இல்லை.

பல்தசார் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். வெயிலில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பதினாலு பேர் இருந்தார்கள். பதினாலு பேரையும் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

குழாய் இப்போதும் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறைதான். வரிசையில் நிற்கிற பெண்கள் இப்போதும் அமலியிடம், புதுசு ஏதும் வந்திருக்கா என்று கேட்கிறார்கள், அவள் போடுகிறாள், மேகம் போடுகிறது, கேட்கிறார்கள், குறை சொல்கிறார்கள். தபால்காரர் தெருமுனையில் திரும்புகிற நேரத்துக்குப் பல்தசார் வாசலில் வந்து நிற்கிறார். வழக்கம் மாறவில்லை என்றால் அதே கேசட்தான் திரும்பி வரவேண்டும், பதில் அதன் மேலேதான் பேசப்பட்டிருக்க வேண்டும். ஆகவே தன் குரல் ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் அழிந்து வருகிற ஒரு கேசட்டுக்காக அவர் காத்திருக்கிறார். தபால்காரர் தூரத்திலேயே கையை அசைத்துவிடுகிறார், இன்றைக்கும் இல்லை என்று.

அவ்வளவுதான். முன்னால் சொன்ன சத்தியம் அப்படியே நிற்கிறது, உப்பும் ஊசியும் தயாராக இருந்தால் எடுத்து உள்ளே வையுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இதை யார் சொன்னது என்று எவரிடமும் சொல்லிவிடாதீர்கள். செபஸ்தியம்மாள் காதில் விழுந்தால், சன்னலுக்கு வெளியே நின்றது நீதானா என்று கேட்பாள். அந்த மனிதர் தன் அண்ணனோடு தனியாகப் பேசிய எட்டு நிமிஷத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்பாள்.